மூன்று வரியில் காப்பியம் வேண்டாம், ஒரு கொலுசு போதும்

வாசகர் கேள்வி: கொஞ்ச காலமாக ஹைக்கூ எழுதிவருகிறேன். படித்த பெரிய நூல்களை வைத்து விளையாட்டாகச் சில எழுத ஆசை. சிலப்பதிகாரத்தை வைத்து எழுதியது இது: ‘கோவலன் மடிந்தான் / நீதி கேட்டாள் கண்ணகி / எரிந்தது மதுரை.’ காப்பியம் படித்தவர்கள் கதைச் சுருக்கம் போல இருக்கிறது என்கிறார்கள். படிக்காதவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு யாருக்குமே வரவில்லை. எங்கே சறுக்குகிறேன்? வரிக்கு இத்தனை ஒலி என்னும் 5-7-5 கணக்குப் பார்க்க வேண்டுமா? நூலின் பெயரைத் தலைப்பில் போடலாமா? இப்படி விளையாடுவது அந்த நூல்களை அவமதிப்பதாகிவிடுமா?

பதில்:

உங்கள் மூன்று வரிகளில் சொல்லெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கதை முழுவதும் உள்ளே வந்துவிட்டதுதான் சிக்கல். கொலை, வழக்கு, தீ என்று எல்லாவற்றையும் நீங்களே சொல்லி முடித்துவிட்டீர்கள். வாசிப்பவருக்குச் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை. ஒரு நூலைச் சுட்டும் ஹைக்கூ அந்த நூலைச் சுருக்கிச் சொல்லக் கூடாது. நூலுக்குள்ளிருந்து ஒரே ஒரு சின்னப் பொருளை எடுத்து இன்றைய ஒரு கணத்தில் வைத்துவிட்டு, கவிஞர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் பெயரைச் சொன்னதும் எது நினைவுக்கு வருகிறது? சிலம்பு. அதிலும் ஒற்றைச் சிலம்பு. கோவலன் அதை விற்கப் போனான், திரும்பவில்லை. இதை இன்றைய வீட்டுக்குக் கொண்டுவருவோம். இன்று யாரும் சிலம்பு அணிவதில்லை; கொலுசு அணிகிறார்கள். முதல் முயற்சி இப்படி வரலாம்:

ஒற்றைக் கொலுசோடு
கடைக்குப் போன கணவர்
இன்னும் வரவில்லை

உங்கள் முதல் வடிவத்தைவிட இது பல படி மேல். காப்பியம் தெரியாதவர் இதில் காத்திருக்கும் ஒரு மனைவியைப் பார்ப்பார். தெரிந்தவருக்கு ‘ஒற்றை’ என்ற சொல்லிலேயே வயிறு கலங்கும். ஆனால் நீங்கள் கேட்டது விளையாட்டு. இதில் விளையாட்டு இல்லை, அச்சம்தான் இருக்கிறது. கதை போன திசையிலேயே கவிதையும் போகிறது. திசையைத் திருப்பிப் பார்ப்போம்:

ஒற்றைக் கொலுசு விற்கப்
போனவர் திரும்பிவிட்டார்—
கையில் ரசீது

கோவலனிடம் இல்லாமல்போனது இதுதானே? சிலம்பு தன்னுடையது என்று காட்ட அவனிடம் ஒரு சான்று இல்லை. தன் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்துப் பரல் என்பதைக் கண்ணகி உடைத்துக் காட்டியபோது காலம் கடந்திருந்தது. ஒரு துண்டு ரசீது இருந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. இந்த எண்ணம் கவிதைக்குள் எங்கும் இல்லை. படித்தவர் மனத்தில் தானாக எழுகிறது. சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது. படிக்காதவருக்கோ, பத்திரமாக வீடு திரும்பிய ஒருவர் என்ற எளிய காட்சி கிடைக்கிறது. அவரும் வெறுங்கையோடு போவதில்லை.

இந்த வகைக் கவிதை இரண்டு வாசல் உள்ள வீடு. நூலை அறிந்தவர்கள் பின்வாசல் வழியாக வருவார்கள். முன்வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். நான் வைக்கும் சோதனை எளிது: அந்த நூலைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத ஒருவரிடம் கவிதையை வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு ஒரு காட்சி தெரிந்தால் கவிதை நிற்கும். “இது எதைப் பற்றி?” என்று அவர் கேட்டால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

இரண்டு வாசலும் ஒருசேரத் திறப்பது அபூர்வம். அப்படி அமைந்ததாக நான் நினைக்கும் ஒன்று:

முல்லைக் கொடி
சைக்கிளைச் சுற்றிவிட்டது—
இன்று நடைதான்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததைப் புறநானூறும் பேசுகிறது, சிறுபாணாற்றுப்படையும் பேசுகிறது. வள்ளலின் தேர் இங்கே ஒரு சைக்கிளாகிவிட்டது. மன்னனின் கொடைக்குப் பதிலாக, நடந்து போக முடிவெடுக்கும் ஒரு சாதாரண மனிதர். பாரியைக் கேலி செய்யும் வரி எதுவும் இதில் இல்லை; பாரியின் மனம் இன்றும் யாருக்கோ வாய்க்கிறது என்றுதான் இது சொல்கிறது. இன்னொரு நிழலும் இதன்மேல் விழுகிறது. ஜப்பானில் 1703 முதல் 1775 வரை வாழ்ந்த பெண் கவிஞர் சியோ-ஜோவின் புகழ்பெற்ற கவிதை ஒன்றில், விடிகாலையில் பூக்கும் கொடி கிணற்று வாளியைச் சுற்றிக்கொள்கிறது. அதைப் பிரிக்க மனமில்லாமல் அவர் வேறிடத்தில் தண்ணீர் கேட்கிறார். பாரியைப் பாடிய கபிலரும் சியோ-ஜோவும் ஒருவரையொருவர் அறிய வழியே இல்லை. இருந்தும் ஒரு கொடியின் முன்னால் இருவரும் சந்திக்கிறார்கள். ஹைக்கூவைத் தமிழில் எழுதுவதில் எனக்குள்ள பெரிய மகிழ்ச்சியே இப்படிப்பட்ட சந்திப்புகள்தான்.

அவமதிப்பாகுமா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேயே வந்துவிடுகிறேன். ஹைக்கூவின் பிறப்பிலேயே விளையாட்டு இருக்கிறது. பலர் கூடி ஆளுக்கொரு பகுதியாகத் தொடுத்த தொடர்கவிதையில், வேடிக்கைக்கென்று வளர்ந்த கிளை ஒன்று உண்டு. அதன் தொடக்கப் பாடல்தான் பிற்பாடு தனியே பிரிந்து நின்றது. அதற்கு ஹைக்கூ என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் மசவோக்கா ஷிகி (1867–1902). பழைய பாடலை எடுத்துப் புதிதாக ஆள்வதும் அங்கே நெடிய மரபு. ஜப்பானின் புகழ்பெற்ற ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பழைய குளம், குதிக்கும் தவளை, நீரின் ஓசை. அவருக்குப் பின் வந்த செங்காய் என்ற ஜென் துறவி தவளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாஷோவையே வைத்தார்:

பழைய குளம்—
பாஷோ குதிக்கிறார்
நீரின் ஓசை

இதை எழுதியவர் பாஷோவை மதிக்காதவராக இருக்க முடியாது. ஒரு கவிதையை உள்ளங்கையில் வைத்துப் பலமுறை புரட்டிப் பார்த்தவருக்குத்தான் இந்த உரிமை வாய்க்கும்.

ஆனாலும் ஓர் எல்லை வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அடிபட்டவரை வைத்துச் சிரிக்கக் கூடாது. மகாபாரதத்தில் துகிலுரிதலை எடுத்துக்கொண்டு வேடிக்கை எழுதாதீர்கள். எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் கசக்கும். அதே சபா பருவத்தில், மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தரையைத் தண்ணீர் என்றும் தண்ணீரைத் தரை என்றும் மயங்கி விழுகிறான். சுற்றி எழுந்த சிரிப்பு அவன் நெஞ்சில் வஞ்சமாக நிற்கிறது. அதை எடுக்கலாம்:

துடைத்த தரையில்
வழுக்கிய விருந்தாளி—
யாரும் சிரிக்கக் கூடாது

முன்வாசலில் இது வெறும் வீட்டு நாகரிகம். பின்வாசலில் பதினெட்டு நாள் போர்.

எவ்வளவு கடன் வாங்கலாம் என்று ஜப்பானியர்கள் வெகு காலம் முன்பே யோசித்திருக்கிறார்கள். ஃபுஜிவாரா நோ தெய்க்கா (1162–1241) ஐந்து பகுதிகள் கொண்ட பழைய பாடல்வகைக்கு ஒரு வரையறை சொன்னார்: பழம்பாடலிலிருந்து இரண்டு பகுதிக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கலாம், அதற்கு மேல் கூடாது, எடுத்ததை வேறு பொருளுக்குத் திருப்ப வேண்டும். காதல் பாட்டிலிருந்து எடுத்தால் பருவப் பாட்டாக்கு, பருவப் பாட்டிலிருந்து எடுத்தால் காதலாக்கு. மூன்று வரிக் கவிதைக்கு இதை இன்னும் இறுக்கிக்கொள்வது நல்லது. ஒரு பொருள், அல்லது ஒரு சொற்றொடர். இரண்டும் ஒன்றாக வேண்டாம்.

திசை மாற்றத்துக்குச் சிறந்த சான்று பாஷோவே. 1689-ல் வடதிசைப் பயணத்தில், வீரர்கள் மாண்ட ஹிராய்சுமி என்ற பழைய கோட்டைப் பகுதியில் அவர் நிற்கிறார். சீனக் கவிஞர் து ஃபூவின் பாட்டு நினைவுக்கு வருகிறது: நாடு சிதைந்தது, மலையும் ஆறும் எஞ்சின, நகரில் வசந்தம், புல் அடர்ந்திருக்கிறது. பயணக் குறிப்பின் உரைநடையில் அதை நினைவுகூர்கிறார். கவிதையிலோ து ஃபூவும் இல்லை, மலையும் ஆறும் இல்லை. புல் மட்டும் வருகிறது. அதுவும் வசந்தப் புல் அல்ல, கோடைப் புல். பண்டைய வீரர்களின் கனவில் எஞ்சியது அதுவே என்கிறார். தன் கண்முன் இருந்த பருவத்துக்கு அவர் அந்தப் புல்லைக் கொண்டுவந்துவிட்டார். இது வேடிக்கைக் கவிதை அல்ல. ஆனால் கையாண்ட முறை நமக்கு வேண்டியதேதான்.

சொற்றொடரை எடுத்துத் திருப்புவதற்கு என் முயற்சி ஒன்று. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலில் செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சங்கள் கலந்தன:

செம்மண்ணும் மழையும்
என் வெள்ளைச் சட்டையும்
தாம் கலந்தனவே

காதல் போய்ச் சலவை வந்துவிட்டது. கடைசி வரியின் பழந்தமிழ் மிடுக்கும் சேறான சட்டையும் உரசுவதில்தான் சிரிப்பு. இந்த வழியில் ஓர் எச்சரிக்கை உண்டு. மேடையிலும் சுவரொட்டியிலும் தேய்ந்துபோன வரிகளை எடுக்காதீர்கள். ‘யாதும் ஊரே’ மிகப் பெரிய வரி. ஆனால் அதைத் திருப்பி எழுதாதவரே இல்லை என்னும் நிலை வந்துவிட்டது. வாசகர் அந்தத் திருப்பத்தை உங்களுக்கு முன்பே எட்டிவிடுவார்.

பிறமொழி நூல்களுக்கும் வழி இதுதான். படிக்காதவர் மனத்திலும் ஒரு பொருளாகப் பதிந்துவிட்ட நூல்கள் எளிதில் வசப்படும். செர்வாண்டெஸின் டான் கிஹோட்டே முதல் பாகம் 1605-ல் வந்தது. காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்து ஈட்டியோடு பாய்ந்த கிழவரை, நூலைத் தொடாதவர்களும் அறிவார்கள்.

சுழலும் மின்விசிறி—
ஒட்டடைக் கம்பை நீட்டி
நெருங்குகிறார் அப்பா

காஃப்காவின் உருமாற்றம் (1915) கதையில் பூச்சியாக மாறி மல்லாந்து கிடப்பவனுக்கு, உடம்பு போனதைவிட ரயில் தவறியது பெரும் கவலை:

மல்லாந்த வண்டு
கால்களை உதறுகிறது—
எனக்கும் ரயிலுக்கு நேரமாச்சு

இதில் எல்லா வேலையையும் ‘எனக்கும்’ என்பதன் ‘உம்’ செய்கிறது. அதை எடுத்துப் பாருங்கள், காஃப்கா மறைந்துபோவார். தமிழ் நமக்குத் தந்திருக்கும் இப்படிப்பட்ட சின்ன இடைச்சொற்களை இந்த வகைக் கவிதையில் மிகவும் நம்பலாம்.

போர், தலைமுறை, சமூகம் என்று விரியும் மாபெரும் நாவல்கள் ஒத்துழைக்க மறுக்கும். அவற்றின் பெருமை பரப்பில் இருக்கிறது, ஒரு பொருளில் அல்ல. மனத்துக்கு மிகப் பிடித்த நாவலிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லையே என்று வருந்தாமல் அடுத்த நூலுக்குப் போய்விடுங்கள்.

5-7-5 கணக்கைப் பற்றி: ஜப்பானியர் எண்ணும் ஒலியலகு மிகக் குறுகியது, நம் அசையோடும் சீரோடும் அது பொருந்தாது. 1916-ல் சுதேசமித்திரனில் பாரதி ஜப்பானியக் கவிதையைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தியபோது அதன் சுருக்கத்தைத்தான் வியந்தார். தமிழில் ஹைக்கூ எழுதுவோரில் பெரும்பாலோர் கணக்கை விட்டுவிட்டு மூன்று சிறு வரிகளைப் பிடித்துக்கொண்டது நல்ல முடிவு என்பது என் கருத்து. கணக்கைவிட வெட்டு முக்கியம். கவிதையை எங்கோ ஓர் இடத்தில் இரண்டாக ஒடிக்க வேண்டும். மேலே நான் கோடிட்ட இடங்களைக் கவனியுங்கள்: கோட்டுக்கு ஒரு பக்கம் காட்சி, மறுபக்கம் அந்தக் காட்சி எதிர்பாராத ஒன்று. சட்டைக் கவிதையில் கோடே இல்லை. அங்கே மொழி நடை மாறுவதே வெட்டாகிறது.

ஜப்பானியர் ஹைக்கூவில் பருவத்தைக் குறிக்கும் சொல்லை எதிர்பார்ப்பார்கள். மனிதரின் அசட்டுத்தனத்தைப் பாடும், பருவச்சொல் தேவைப்படாத அதே அளவுக் கவிதைக்குச் சென்ரியூ என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவற்றைத் தேர்ந்து தொகுத்த கராய் சென்ரியூவின் பெயரே அதற்கு நின்றுவிட்டது. அந்தக் கணக்கில் மின்விசிறி அப்பா சென்ரியூதான். கண்டிப்பான ஹைக்கூப் போட்டிக்கு அனுப்பும்போது இந்த வேறுபாட்டைப் பாருங்கள். மற்றபடி அதைப் பற்றி யோசித்துப் பேனாவை நிறுத்த வேண்டாம்.

தலைப்பில் நூலின் பெயர் வேண்டவே வேண்டாம். கொலுசுக் கவிதைக்கு மேலே ‘சிலப்பதிகாரம்’ என்று எழுதிவிட்டால், வாசகர் தானே கண்டுபிடிக்கும் அந்த ஒரு நொடி இன்பத்தைப் பறித்துவிடுகிறோம். பாத்திரங்களின் பெயரையும் கவிதைக்குள் கொண்டுவராமல் இருக்கப் பாருங்கள். செங்காய் பாஷோவின் பெயரைச் சொன்னாரே என்று கேட்கலாம். அங்கே அந்தப் பெயர்தான் நகைச்சுவை, வேறு வழியில்லை. பலரும் அறியாத நூல் என்றால் கவிதைக்குக் கீழே, ஒரு வரி இடைவெளி விட்டு, சிறிய எழுத்தில் பெயரைக் குறிப்பிடலாம். முதலில் கவிதை, பிறகு பெயர் என்ற வரிசை மட்டும் மாறக் கூடாது.

பேகனின் போர்வை, அதியமானின் நெல்லிக்கனி, மணிமேகலையின் அமுதசுரபி ஆகிய மூன்றையும் நான் இன்னும் தொடவில்லை. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூலைத் திறந்து அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசித்துவிட்டு மூடிவையுங்கள். பிறகு உங்கள் வீட்டில் அந்தப் பொருள் இன்று எந்த உருவில் இருக்கிறது என்று தேடுங்கள். அமுதசுரபிக்குக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து தொடங்கலாம்.