விண்டோஸ் வரும்வரை வேலை செய்யாத கீபோர்டு: கடைக்காரர் பொறுப்பேற்க வேண்டுமா?

கேள்வி: வியாசர்பாடியில் வீட்டு முன்னறையில் மனுக்களும் ஆய்வேடுகளும் தட்டச்சு செய்து கொடுத்துப் பிழைப்பவள் நான். உதவிக்கு ஒரு பெண் வருகிறார். ரிச்சி தெருவில் ஒரு கடையில் ரூ.46,500 கொடுத்து, அவர்களே அசெம்பிள் செய்த கணினியைக் கீபோர்டோடு வாங்கினேன். மூன்று வாரம் கழிந்ததும், காலையில் ஆன் செய்தால் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லும் கறுப்புத் திரையிலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் கீபோர்டு எடுப்பதில்லை. பத்து முறை அணைத்துப் போட்டால் ஒரு முறை விண்டோஸ் வருகிறது; வந்தபின் எல்லா விசைகளும் சரியாக வேலை செய்கின்றன. வாங்கிய 24-ஆம் நாளே வாட்ஸ்அப்பில் புகார் சொன்னேன். கடைக்காரர் விண்டோஸில் தட்டிப் பார்த்துவிட்டு, "கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் சாஃப்ட்வேர் கோளாறு" என்றார். பிறகு என் தம்பி பக்கவாட்டு மூடியைத் திறந்து தூசி தட்டியது தெரிந்ததும், ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது, வாரண்டி கிடையாது என்கிறார். என்னிடம் இருப்பது "எஸ்டிமேட்" என்று எழுதிய சீட்டும், யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவும் மட்டுமே. நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கு வழக்கு இருக்கிறது. ஆனால் அதன் பலம், இனி அந்தக் கணினியை நீங்கள் எப்படிச் சோதிக்கிறீர்கள், அந்தச் சோதனையை எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அமையும். ஆகவே சட்டப் பிரிவுகளுக்கு முன்பாக இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கணினிக்கு மின்சாரம் கிடைத்ததிலிருந்து விண்டோஸ் பொறுப்பை ஏற்கும் வரை, கீபோர்டைக் கவனிப்பது மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற நிரல்தான். நீங்கள் நிறுவிய எந்த மென்பொருளும் அந்தக் கட்டத்தில் ஓடத் தொடங்கியிருக்காது. எனவே, எஃப்1 திரையில் உயிரற்றுக் கிடந்த கீபோர்டை விண்டோஸில் தட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னது, நீங்கள் சொன்ன பழுதைச் சோதித்ததே ஆகாது. இந்த ஒரு வரியை உங்கள் அறிவிப்பிலும் புகாரிலும் தவறாமல் எழுதுங்கள்.

இருப்பினும், பொருளில் குறைபாடு இருக்கிறது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் புகார்தாரரான உங்களுடையது. நாளைக் காலை கணினியை ஆன் செய்வதற்கு முன்பே கைப்பேசியில் வீடியோ எடுக்கத் தொடங்கி, சுவிட்சைத் தட்டுவது, கீபோர்டின் நம்லாக் விளக்கு ஒரு கணம் மின்னி அணைவது, திரையில் வரும் வாசகம், நீங்கள் எஃப்1 அழுத்துவது ஆகிய அனைத்தையும் வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்யுங்கள். திரை வாசகத்தைத் தனியாகப் புகைப்படமும் எடுங்கள். தேதியும் நேரமும் அழிந்துவிட்டதாக அது சொன்னால், மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் நாணய பேட்டரி தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. புதிய கணினியில் அது தனியாகச் சுட்டத்தக்க இன்னொரு குறை.

அடுத்து, மூடியைத் தொடாமல், கீபோர்டின் இணைப்பை முன்பக்கத் துளையிலிருந்து கழற்றி, பின்பக்கத்தில் மதர்போர்டோடு நேராக உள்ள யு.எஸ்.பி. துளையில் செருகிப் பாருங்கள். நீல நிறத் துளையைவிடக் கறுப்புத் துளையை முதலில் முயலுங்கள். பிறகு அக்கம்பக்கத்தில் ஒரு சாதாரண வயர் கீபோர்டு கடன் வாங்கி அதே துளைகளில் செருகிப் பாருங்கள். இவை ஒவ்வொன்றின் விடையும் சட்டப்படி உங்கள் கோரிக்கையையே மாற்றும். கடன் வாங்கிய கீபோர்டு எஃப்1-க்கு இணங்கினால் பழுது கீபோர்டில்தான். சில நூறு ரூபாய்ப் பொருளை மாற்றித் தரச் சொன்னால் போதும், நுகர்வோர் ஆணையம்வரை போகத் தேவையிராது. முன்பக்கத்தில் இரண்டும் மௌனமாக இருந்து பின்பக்கத்தில் பேசினால், முன் துளைகளுக்கு ஒயர் கொடுத்த அசெம்பிள் வேலையில் குறை இருக்கக்கூடும். அது கடைக்காரரின் கைவேலை. எங்குமே எடுக்காவிட்டால், பயாஸில் யு.எஸ்.பி. கீபோர்டு ஆதரவு அணைக்கப்பட்டிருக்கலாம், விரைவுத் தொடக்க அமைப்பு யு.எஸ்.பி. சாதனங்களை எழுப்பாமல் தாண்டிப் போகலாம், அல்லது மதர்போர்டே பழுதாக இருக்கலாம். இதற்குமேல் நீங்களோ தம்பியோ கை வைக்க வேண்டாம். கடைக்காரர் பயாஸைத் திருத்தினால் விண்டோஸ், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதியின் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும் என்பதால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் புதுப்பிப்பால் வந்த கோளாறு இது என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். 2025 அக்டோபர் 14 அன்று வெளியான விண்டோஸ் 11 புதுப்பிப்பு, விண்டோஸின் மீட்புத் திரையில் யு.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் இயங்காதபடி செய்தது உண்மைதான். மைக்ரோசாஃப்ட் 20-ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டது. ஆனால் உங்கள் எஃப்1 திரை விண்டோஸுக்கும் முன்னால் வருவது. அந்த வாதம் இங்கே பொருந்தாது.

இனிச் சட்டத்திற்கு வருகிறேன். தட்டச்சுத் தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று முதல் தடை எழுப்பப்படலாம். வணிக நோக்கத்திற்காக வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) விலக்குகிறது என்றாலும், சுயதொழிலில் பிழைப்பை நடத்துவதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதன் விளக்கம் கூறுகிறது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு எதிரான லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் இதை விளக்கியபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, தட்டச்சு இயந்திரம் வாங்கிப் பிறருக்குத் தட்டச்சு செய்து பிழைப்பவர்தான். ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருங்கிய முன்னுதாரணம் கிடைப்பது அரிது. வருமானத்துக்கு வேறு வழி இல்லை என்பதையும், இயந்திரத்தில் நீங்களே அமர்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதையும் புகாரில் வெளிப்படையாக எழுதுங்கள்.

"எஸ்டிமேட்" சீட்டைக் கண்டு தளர வேண்டாம். பொருளை விற்றுவிட்டுப் பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அதே பிரிவு, பழுதான பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுப்பதையும் அவ்வாறே கருதுகிறது; பில்லில் கால வரம்பு எதுவும் இல்லையெனில் 30 நாள் என்று அதுவே வரையறுக்கிறது. நீங்கள் 24-ஆம் நாளில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இந்த வழக்கின் உயிர்நாடி. அதை அழித்துவிடாமல், கைப்பேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைத்துத் தாக்கல் செய்வது பாதுகாப்பானது.

கிழிந்த ஸ்டிக்கர்தான் உங்கள் பக்கத்தில் பலவீனமான இடம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பழுதை நீங்கள் தெரிவித்த பிறகே மூடி திறக்கப்பட்டது என்பதைத் தேதிகள் காட்டினால், திறந்ததால்தான் பழுது வந்தது என்ற வாதம் நிற்காது. தம்பி எந்த நாளில், எதற்காகத் திறந்தார், எதைத் தொட்டார் என்பதை அவரே உண்மையாகப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லட்டும். மறைத்துப் பின்னால் வெளிப்பட்டால், உங்கள் மற்றச் சொற்களின் மீதும் ஐயம் விழும்.

முதலில், 15 நாள் அவகாசம் கொடுத்துக் கடைக்கு ஓர் அறிவிப்பை ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. என் அனுபவத்தில் பல தகராறுகள் இதிலேயே முடிந்துவிடுகின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். பலனில்லாவிட்டால், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், கடை எங்கிருந்தாலும், நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 34-இன்படி புகார் செய்யலாம். இ-ஜாக்ரிதி என்ற இணையத் தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். செலுத்திய விலை ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். எதிர்த்தரப்பினர் 30 நாளில், மிஞ்சினால் மேலும் 15 நாளில், பதிலுரை தர வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று ஆணையம் கருதினால் பொருளை அங்கே அனுப்பலாம். அதன் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லக்கூடும். மேலே சொன்ன வீடியோக்கள் தெளிவாக இருந்தால் அந்தச் செலவைத் தவிர்க்க வாய்ப்புண்டு.

கோரிக்கையில் முதலாவதாகப் பழுது நீக்கம் அல்லது மாற்றுக் கணினி, இயலாவிட்டால் ரூ.46,500 திரும்ப, அதன்பின் நியாயமான இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள். வேலை இழப்புக்கு எத்தனை நாள், எந்த வாடிக்கையாளர், எவ்வளவு தொகை என்று கணக்குப் புத்தகம் காட்ட முடிந்த அளவே கேட்பது நல்லது. பழுதான பொருளால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு கோரும், சட்டத்தில் வரும் "உற்பத்திப் பொருள் பொறுப்பு" அத்தியாயத்தைச் சிலர் இத்தகைய புகார்களில் சேர்த்துவிடுகிறார்கள். பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை அது உள்ளடக்குவதில்லை என்பதால் உங்களுக்குத் தேவையில்லை.

இடையில் கடைக்காரர் சமரசத்துக்கு வந்து கணினியைக் கொண்டுவரச் சொன்னால், தயங்காமல் கொடுங்கள். ஆனால் அதற்குமுன் வரிசை எண்கள் தெரியும்படி பெட்டியின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து, "தொடக்கத்தில் எஃப்1 திரையில் கீபோர்டு இயங்கவில்லை" என்ற பழுதின் விவரமும் தேதியும் கடை முத்திரையும் உள்ள ரசீதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பெட்டியை அங்கே விட்டுவிட்டு வாருங்கள்.