கடைசிப் பிரதி – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன வருஷம் வேலையாக ஜெர்மனி போனபோது, எங்கள் சரக்கை வாங்குகிற பையர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' இசைத்தட்டைப் போட்டார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் இறங்கவில்லை.

இப்போது சம்பளத்தில் ஒரு பங்கு ஜாஸ் தட்டுகளுக்கே போகிறது. இணையத்தில் எதைப் பார்த்தாலும் 'கடைசிப் பிரதி, இனி அச்சில் வராது' என்று போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் கை பதறி வாங்கிவிடுகிறேன். வீட்டில் பதினேழு தட்டு இருக்கிறது, ஒழுங்காகக் கேட்டது ஆறோ ஏழோதான். "ஏனுங்க, ஆடித் தள்ளுபடில சீலை எடுக்கற மாதிரியல்ல எடுக்கறீங்க" என்கிறாள் மனைவி. போனிலேயே எல்லாம் கிடைக்கிறதே, தட்டு எதற்கு என்று அண்ணன் கேட்கிறார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் ரொம்ப காலமாகச் சேர்ப்பவர். எது உண்மையிலேயே தீர்ந்துபோகும்? எதை முதலில் வாங்குவது?

(பெயர் வேண்டாம் அண்ணா, ஆபீசில் படிப்பார்கள்.)

*

தம்பி,

வீட்டம்மா சரியாகத்தான் பிடித்திருக்கிறார். கோவை ஒப்பணக்கார வீதியில் 'கடை காலி செய்கிறோம்' என்று பேனர் கட்டி, காலி செய்யாமலே வருஷக்கணக்கில் விற்ற கடைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். நீங்கள் பார்க்கிற 'கடைசிப் பிரதி'யில் பாதிக்கு மேல் அந்த பேனர்தான்.

பெரிய பேர்கள் தீராதுங்க. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் வந்தது. இன்றைக்கும் விற்கிற சரக்கை அச்சடிக்காமல் விட அந்தக் கம்பெனிக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்', உங்கள் கோல்ட்ரேன் எல்லாமே அப்படித்தான். அடுத்த போனஸ்வரை காத்திருக்கும். பழைய அச்சுதான் உசத்தி என்று யாராவது கூடுதல் விலை கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் நாள் பதிவு மார்ச் 2. அன்றைக்கு ஸ்டூடியோவில் ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறுமல்லவா? அன்றைக்கு எடுத்த மூன்று பாட்டும்தான் தட்டின் முதல் பக்கம். பக்கத்தில் இன்னொரு மெஷினில் ஓடிய டேப் சரியாக இருந்தது. அதை எடுத்துத் திருத்தியது 1992இல். அதுவரை ஊர் உலகமெல்லாம் ஒரு மயிரிழை ஏறின சுருதியில்தான் கேட்டுச் சொக்கியது. தட்டு நிமிஷத்துக்குச் சுற்றுவது 33, தப்பு ஓடியதும் 33 வருஷம்.

தீர்ந்துபோகிறவர்கள் இரண்டாம் வரிசைக்காரர்கள். டீனா புரூக்ஸ் என்று ஒருவர், டெனர் சாக்ஸபோன். பேரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஆண்தான். 1958 முதல் 1961வரை ப்ளூ நோட் என்கிற ஜாஸ் தட்டுக் கம்பெனிக்காகத் தன் பேரில் நான்கு ஆல்பத்துக்கு வாசித்துக் கொடுத்தார். உயிரோடு இருந்தபோது கடைக்கு வந்தது 'ட்ரூ ப்ளூ' ஒன்றுதான். 'பேக் டு தி ட்ராக்ஸ்' என்பதற்கு நம்பர் போட்டு அட்டைகூடத் தயார் செய்துவிட்டு, தட்டை மட்டும் வெளியிடாமல் விட்டுவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு முகூர்த்தத்தை நிறுத்தின மாதிரி. 1974இல் இறந்துபோனார், வயது 42.

1985இல்தான் மொசைக் என்கிற சிறிய கம்பெனி நான்கையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தது. அவர்கள் வழி தனி. பெரிய கம்பெனியிடம் உரிமையைக் குத்தகைக்கு எடுப்பார்கள், இத்தனை பெட்டி என்று எண்ணிக்கை வைத்து நம்பர் போட்டு விற்பார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அங்கே 'கடைசிப் பிரதி' என்று எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள்.

இனி என் கதை. இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். கோவையில் ஒரு சிடி கடையில் 'ட்ரூ ப்ளூ' இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, 650 ரூபாய். மாசக் கடைசி. வேறு யாரும் எடுத்துவிடக்கூடாது என்று பக்திப் பாடல் வரிசைக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு வந்தேன். (கோவையில் ஜாஸுக்குப் போட்டி போட யார் இருந்தார்கள் என்று இப்போது சிரிப்பு வருகிறது.) ஐந்தாம் தேதி போனால் இடம் காலி. கடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றின வெறும் சிடியை எடுத்து நீட்டினார். "டப்பி நல்லா இருந்துச்சுங்க, வேற சிடிக்கு டப்பி உடைஞ்சிருந்துச்சு, அதுக்கு மாத்திட்டேன். உள்ள இருந்த புக்கு குப்பைல போயிருச்சு. நூறு ரூவா குடுங்க, போதும்."

வீட்டுக்கு வந்து போட்டேன். சாக்ஸபோன் டீனா, அது தெரியும். கூடவே ஒரு டிரம்பெட், இளரத்தம் என்று கேட்டாலே தெரிகிறது. யார்? பியானோ யார்? கேட்க ஆளில்லை, பார்க்கப் புத்தகமில்லை. டிரம்பெட் ஃப்ரெடி ஹப்பார்டாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பியானோவுக்கு ஹோரஸ் சில்வர் என்று வைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்து விவரம் கிடைத்தது. ஹப்பார்டு சரி. பியானோ டியூக் ஜோர்டன், பேஸ் சாம் ஜோன்ஸ், டிரம்ஸ் ஆர்ட் டெய்லர், பதிவான நாள் 1960 ஜூன் 25. அத்தனை நாளும் ஜோர்டனின் வாசிப்பை வேறொருவர் பேரில் ரசித்திருக்கிறேன். தவிலை ஒருவர் வாசிக்க, மாலையை இன்னொருவருக்குப் போட்ட கதை.

போனில் கேட்கிற உங்கள் அண்ணனுக்கு இதுதான் பதில். பாட்டு வந்துவிடும், வாசித்தவர் பேரைத் தேடத்தான் வேண்டும். தட்டின் அட்டையில் யார், எங்கே, எந்தத் தேதி என்று அச்சாகியிருக்கும். போதாததற்கு, உரிமம் முடிந்த பாட்டு போனில் ஒரு நாள் காலையில் சாம்பல் நிறத்தில் கிடக்கும், தொட்டால் பாடாது.

விலை குறைவாக ஐரோப்பிய அச்சு வந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அங்கே ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 வருஷம். பிறகு 70 ஆக்கினார்கள், ஆனால் ஏற்கெனவே காலாவதியானது காலாவதியானதுதான். அதனால் 1962வரை வெளியான தட்டுகளை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மூல டேப் கையில் இல்லாமல், பழைய சிடியிலிருந்தே எடுத்துத் தட்டாக்குகிறவர்களும் உண்டு. மூல டேப்பிலிருந்து எடுத்தது என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். துணியில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்க்கிறவருக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, வெளிநாட்டை மட்டும் பார்க்காதீர்கள். வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்த சாமான் பொள்ளாச்சியில் பழைய இரும்புக்கடைக்கு வந்திருந்தது. தையல் மெஷினுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே 78 சுற்றுத் தட்டுகள். பெரும்பாலும் இங்கிலீஷ் டான்ஸ் பாட்டு. நடுவில் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் தட்டு ஒன்று, கல்கத்தா டம்டம்மில் அச்சானது. எடைக்குப் போட்டு வாங்கிவந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் அந்தத் தட்டின் மேலெல்லாம் பூஞ்சை, வெள்ளை வெள்ளையாக. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பூஞ்சை போயிற்று, பஞ்சும் கறுப்பாயிற்று. இன்னும் அழுக்கு வருகிறதே என்று மறுபடி துடைத்தேன். நாலாவது பஞ்சில்தான் உறைத்தது, வருவது அழுக்கில்லை, தட்டு. 78 தட்டு அரக்கில் செய்தது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அதைக் கரைத்துத்தான் கட்டில் பீரோவுக்குப் பாலீஷ் போடுகிறார்கள். எங்கள் தெரு ஆசாரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. முள்ளை வைத்தால் ஆம்ஸ்ட்ராங் எங்கோ மழைக்குள் நின்று பாடுகிறார்.

அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுச் சரக்கு. யுத்தத்தில் கப்பல் போக்குவரத்து முடங்கி, 1942இல் அமெரிக்காவில் தட்டுக்கான அரக்கை வெகுவாக வெட்டிவிட்டார்கள். வீடு வீடாகப் பழைய தட்டுகளை வாங்கி உருக்கிப் புதுத்தட்டு செய்தார்கள். எத்தனை ஆம்ஸ்ட்ராங், எத்தனை டியூக் எல்லிங்டன் அப்படி உருகிப் போனார்களோ. நானும் என் பங்குக்கு ஒன்றைக் கரைத்திருக்கிறேன். உங்களிடம் இருப்பது வினைல், அதற்கு டிஸ்டில்டு வாட்டரும் துளி பாத்திர சோப்பும் போதும். நடு லேபிள் நனையக்கூடாது. செங்குத்தாக அடுக்குங்கள், மாடி அறை வேண்டாம், சித்திரை வெயிலுக்கு அப்பளமாகிவிடும்.

முதலில் எது என்று கேட்டீர்கள். அந்தப் பதினேழில் கேட்காத பத்தை எடுத்து, அட்டையைத் திருப்பி, கூட வாசித்த பேர்களைப் படியுங்கள். எந்தப் பேர் உங்களை நிமிர வைக்கிறதோ, அவர் தன் பேரில் போட்ட தட்டு ஏதும் உண்டா என்று தேடுங்கள். அதுதான் பதினெட்டாவது.

ஞாயிற்றுக்கிழமை ஈரோடு பக்கம் வந்தால் வாருங்கள், 'ட்ரூ ப்ளூ' இருக்கிறது. இப்போது அதற்குச் சொந்த டப்பியும் உண்டு, வேறொரு சிடியுடையது. கடன் மட்டும் கேட்காதீர்கள்.