வலி மாத்திரைக்கு வயிற்றில் என்ன வேலை?

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரை கொடுக்கிறோம். வலி அடங்கிவிட்டது, ஆனால் நாலு நாளாக மலம் போகவில்லை. மூளையில் வேலை செய்யும் மாத்திரை வயிற்றை ஏன் பிடிக்கிறது? போகப்போகச் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தானாகச் சரியாகாது, அதனால் இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுவிடுங்கள். அதற்காக மார்பினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மார்பின் ஒட்டிக்கொள்ளும் ஓபியாய்டு ஏற்பிகள் (செல்லின் மேலிருந்து மார்பின் போன்றவற்றைப் பிடிக்கும் புரதங்கள்) மூளையில் மட்டுமல்ல, தண்டுவடத்திலும் குடல் சுவரில் ஓடும் நரம்புகளிலும் இருக்கின்றன. மியூ, டெல்டா, கப்பா என்று முக்கியமாக மூன்று வகை, மார்பின் பெரும்பாலும் பிடிப்பது மியூவை. மார்பின் கிடைக்கும் அபினுக்காக உடம்பு இவற்றை வைத்திருக்கவில்லை, தானே சுரக்கும் வலியடக்கிகளான எண்டார்பின், என்கெஃபலின் போன்றவற்றுக்காகத்தான் வைத்திருக்கிறது. (1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற விஞ்ஞானிகள் என்கெஃபலினைக் கண்டுபிடித்தது பன்றி மூளையில்!)

மார்பின் வந்து ஒட்டியதும் நரம்பு செல்லுக்குள் கால்சியம் நுழைவது குறைகிறது, பொட்டாசியம் வெளியேறுவது கூடுகிறது, அவ்வளவுதான், அந்த செல்லால் அடுத்த செல்லுக்குச் சேதி அனுப்ப முடியாமல் போகிறது. தண்டுவடத்தில் இது நடந்தால் வலி மேலே ஏறாது. அதே சங்கதி குடலில் நடக்கும்போது குடல் முன்னே தள்ளுவதை விட்டுவிடுகிறது, உள்ளே கிடக்கும் மலத்திலிருந்து நீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருப்பதால் அது கல் மாதிரி இறுகிப்போகிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இதே ஏற்பிதான், ஆகவே ஒரு வேளை மறந்துவிட்டது என்று இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், மூச்சு மந்தமாகிவிடும்.

பேதிக்கு வாங்கிப் போடுகிறோமே லோபிரமைடு, அதுவும் மியூ ஏற்பியைப் பிடிக்கும் மருந்துதான். மூளைக்குள் நுழையப் பார்த்தால் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள ஒரு புரதம் அதை வெளியே தள்ளிவிடும், அதனால் டாக்டர் சொன்ன அளவில் போட்டால் குடலோடு நின்றுவிடுகிறது.

மார்பின் தொடங்கியபோது வரும் தூக்கக்கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் குறைந்துவிடும். குடல் மட்டும் லேசில் பழகாது. அதனால்தான் மார்பினோடு கூடவே முதல் நாளிலிருந்து மலமிளக்கியும் எழுதித் தருவார்கள், அப்பாவின் சீட்டில் சென்னாவோ பிசாகோடிலோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இசப்கோலை நீங்களாகக் கரைத்துக் கொடுக்க வேண்டாம், அசையாத குடலில் அது இன்னும் அடைத்துக்கொள்ளலாம். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் போனெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.