அந்த ஏறி இறங்குற பட்டை!

கேள்வி: சார், காவேரிப்பட்டணத்துல மாங்கா மண்டில கணக்கு எழுதுறேன், ராத்திரி செஸ் லைவ் பாப்பேன். காய் நகர்த்த தெரியும், ஆனா போர்டு பக்கத்துல ஏறி இறங்குற பட்டையும் +1.2ன்னு வர்ற நம்பரும் புரியல.

பதில்: மண்டிக்காரருக்கா புரியல! அது கம்ப்யூட்டர் போடுற வெலைங்க. +1ன்னா வெள்ளை கிட்டத்தட்ட ஒரு சிப்பாய் அளவுக்கு முன்னாடி இருக்கு, மைனஸ்னா கறுப்பு. 0.0ன்னா சமம், ஆனா அதுல ஒருத்தர் ஒரே ஒரு சரியான மூவ்ல தொங்கிட்டு இருக்கலாம், அத பட்டை சொல்லாது.

2024 டிசம்பர் 12 சிங்கப்பூர்ல உலக சாம்பியன்ஷிப் 14வது கேம், எல்லாரும் டிராதான்னு கொட்டாவி விட்டுட்டு இருந்தப்ப அப்போதைய சாம்பியன் சீனாவோட டிங் லிரென் 55வது மூவ்ல யானைய எஃப்2 கட்டத்துக்கு தப்பா கொண்டுபோனாரு, அவ்ளோதான், குகேஷ் மூஞ்சியே மாறிடுச்சு, 7.5-6.5 புள்ளில ஜெயிச்சு 18 வயசுல சாம்பியன். அப்ப பட்டைய பாத்தவங்கள விட அந்த மூஞ்சிய பாத்தவங்கதான் குடுத்து வெச்சவங்க.

2025 நெதர்லாந்து விக் ஆன் ஸீ டோர்னமென்ட் இன்னும் கூத்து, குகேஷ், பிரக்ஞானந்தா ரெண்டு பேரும் கடைசி ரவுண்ட்ல தோத்து 8.5 புள்ளில சமமா நின்னு, டைபிரேக்ல, அதாவது சமநிலைய முறிக்க வெச்ச ஆட்டத்துல, பிரக்ஞானந்தா தட்டிட்டுப் போனாரு.

போன்ல பாக்கறப்ப கட்டைவிரலால பட்டைய மறைச்சிட்டு அடுத்த மூவ நீங்களே யோசிங்க. நான் பத்துக்கு மூணு சொல்லிருவேன்!