அட்லாண்டாவில் இருந்து தூண்டிலோடு கிளம்பினால், தண்ணீர் ஓரமாகத் தங்கவும் சாப்பிடவும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் நல்ல இடம் எது?

அட்லாண்டா என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பக்கத்து லேக் லேனியரில் சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் ஜெட் ஸ்கீ அலைக்கும் நடுவே தூண்டில் போட்டு நொந்துபோனவராகத்தான் இருப்பீர்கள். சொந்தப் படகு இருக்காது. வீட்டில் ஒருவருக்காவது மீன் வாடை ஆகாது. இந்த ஊகம் சரியென்றால் என் பதில் ஒன்றுதான்: தென் கரோலினா, லேக் மேரியன் கரையில் இருக்கும் சான்டீ ஸ்டேட் பார்க் கேபின்.

அங்கே பத்து கேபின்கள் தண்ணீருக்கு மேலேயே, மரப்பாலத்தின் மீது நிற்கின்றன. அதைவிட முக்கியம், உள்ளே சமையலறை இருக்கிறது. "ஸ்டேட் பார்க்கெல்லாம் வசதி குறைவு, பக்கத்திலேயே நல்ல ஓட்டல்கள் உண்டு" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில் நண்பரின் படகோடு போய் இறங்கிய அனுபவம் எனக்கும் உண்டு. ட்ரெய்லர் நிறுத்த இடமில்லை. மூன்றாவது மாடிக்கு பேட்டரியைத் தூக்கிப்போய் சார்ஜ் போட்டோம். ஐஸ் பெட்டியைப் பார்த்து ரிசப்ஷனில் இருந்தவர் முகம் சுளித்ததைச் சொல்லவே வேண்டாம். எங்கே புக் செய்தாலும் போன் போட்டு மூன்றைக் கேளுங்கள்: படகோடு போனால் ட்ரெய்லர் நிறுத்தலாமா, படகுத்துறையில் பிளக் உண்டா, மீன் ஆய மேடை உண்டா. ஜன்னலில் ஏரி தெரிகிறதா என்பதெல்லாம் அப்புறம். விடியும்போது நீங்கள் அறையில் இருக்கப்போவதில்லை.

மேரியன் சுமார் 1,10,000 ஏக்கர். 1939-ல் அணை வேலையைத் தொடங்கி, போர் நெருக்கடியில் 1941-ல் அவசரமாகத் தண்ணீரைத் தேக்கினார்கள். அதனால் பல இடங்களில் மரங்களை வெட்டக்கூட இல்லை, அடிக்கட்டைகள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. வாடகைப் படகை வேகமாக விரட்டாதீர்கள். மீனும் அந்தக் கட்டைகளுக்குள்தான் இருக்கிறது. கடலில் இருந்து ஆறேறி வந்த ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் அணைக்குள் மாட்டிக்கொண்டு நன்னீரிலேயே பெருகியதும் இங்கேதான். ஆனால் எங்களுக்கு வேண்டியது கெளுத்தி.

எங்களுக்கு என்றால் எனக்கும் அப்பாவுக்கும். அம்பாசமுத்திரத்துக்காரர், தாமிரபரணியில் மண்புழு கோத்தே வளர்ந்தவர். பக்கத்து மோல்ட்ரி ஏரியில் 1964-ல் 58 பவுண்டு சேனல் கெளுத்தி பிடித்தார்கள், உலக சாதனை என்று சொன்னேன். "அவ்வளவு பெரிசு ருசிக்காது" என்று முடித்துவிட்டார். பிரச்சினை மீன் ஆயும் மேடையில் வந்தது. உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் மின்கத்தியால் இரு பக்கச் சதையை மட்டும் சீவிக்கொண்டு, தலையையும் முள்ளையும் குப்பையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "ஏல, தலையப் போய் தூரப் போடுதானுவ!" அப்பா நேராகப் போய் வாளியைக் காட்டிக் கேட்டுவிட்டார். நண்டுப் பொறிக்கு இரையா என்று அவர்கள் கேட்க, நான் மானம் காக்க ஆமாம் என்றேன். அப்பா விடுவாரா? "நோ நோ, ஈட்!" என்று வாயைக் காட்டினார்.

அதில் வயதானவர் சிரிக்கவில்லை. அவருடைய பாட்டியும் தலையை வேகவைத்துத்தான் ஸ்டூ செய்வாராம். இன்னும் இரண்டு தலையைக் கழுவியே கொடுத்தார். அன்று ராத்திரி கேபினில் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, குழம்பு. ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துத்தான்.

அவர் சொன்ன ஸ்டூதான் நீங்கள் தேடவேண்டிய சாப்பாடு. தக்காளி, வெங்காயம் போட்டுச் சிவப்பாக, சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், ஆகாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி ஏரிக்கரைக் கடைகளில் சோளமாவில் பொரித்த கெளுத்தியும் ஹஷ்பப்பி என்கிற சோளமாவு உருண்டைப் பொரியலும்தான். சூடாக இருந்தால் போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை.

டென்னசியில் ரீல்ஃபுட் ஏரியும் (1811-12 பூகம்பத்தில் பிறந்தது, கிராப்பி மீனுக்குப் போகலாம்), அலபாமாவில் கன்டர்ஸ்வில்லும் நல்ல இடங்கள்தான். கன்டர்ஸ்வில் பாஸ் மீன்பிடிப் போட்டிக்காரர்களின் ஊர். மலைமேல் இருக்கும் லாட்ஜ் அழகு, ஆனால் படகுக்கு இறங்கித்தான் வரவேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் நம் வாட்ஸாப் குழுவில் "இவ்வளவு தூரம் ஓட்டிப்போய் மீனா? இந்தியக் கடையில் வாங்கலாமே" என்பார்கள். வாங்கிப் பாருங்கள். வஞ்சரம் என்று லேபிள் ஒட்டிய பொட்டலத்தில் பாதி எடை ஐஸ். உருகியபின் மிச்சமிருப்பது வாலும் முள்ளும். கேட்டால், உறைந்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். வாங்கியவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

பிடித்த மீனைத் தண்ணீரில் விடாமல் தின்றாயா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அங்கே 32 அங்குலத்துக்கு மேற்பட்ட நீலக் கெளுத்தி ஒரு நாளைக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அதையும் வைத்துக்கொள்ளவில்லை. அப்பா சொன்னது போல, பெரிசு ருசிக்காது.

ஜார்ஜியா மீன்பிடி உரிமம் சான்டீயில் செல்லாது. 16 வயது நிறைந்த எல்லோருக்கும் வெளிமாநில உரிமம் வேண்டும், ஊரில் இருந்து வந்திருக்கும் அப்பாவுக்கும்தான். ஆன்லைனில் கிடைக்கும். குறுகிய காலத்துக்கும் தருகிறார்கள்.