பால்மரக் கட்டையில் பிள்ளையார் வருமா?

பகலில் தொழிற்சாலை வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்வாசலில் கட்டையும் கத்தியும். ஆசாரிக் குடும்பத்தில் பிறந்தவனில்லை, தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். கெடுத்த கட்டைகளை அடுக்கினால் ஒரு அறை நிறையும். மரம் செதுக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களைச் சாய்க்கிறார்கள். கேட்டால் ஒரு துண்டு சும்மாவே தருவார்கள். சிலை செதுக்க ஆகுமா அண்ணே?

ஆகும் தம்பி, ஆனால் அன்றைக்கே வேலையை ஆரம்பிக்க வேண்டும். 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தைத்தான் சாய்ப்பார்கள். முன்பு அது அடுப்புக்குப் போனது. இப்போது மூவாரில் மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. இளமஞ்சள் நிறம், நடுத்தரக் கனம், கத்திக்கு இணங்கி வரும்.

குறை ஒன்றுதான். கட்டைக்குள் மாவுச்சத்து அதிகம். பலா மாதிரி உள்ளே வைரம் பாய்ந்து நிற்கிற மரமும் இல்லை. வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், பின்னாலேயே வண்டு வரும். நீலம் பாய்ந்தால் அழகுதான் போகும், பலம் அவ்வளவாகக் குறையாது. வண்டுதான் ஆளைக் கவிழ்க்கும். ஆகவே ஈரம் காய்வதற்குள், கனம் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் அறுத்து, வெண்காரம் கரைத்த தண்ணீரில் ஊறப் போடுங்கள். கடையில் போராக்ஸ் என்று கேட்டால் தருவார்கள். பச்சைக் கட்டையில்தான் அது உள்ளே இறங்கும், காய்ந்தபின் மேலோடு நின்றுவிடும். அப்புறம் நிழலில், இடையில் குச்சி வைத்து அடுக்கிக் காயவிடுங்கள். என் வீட்டில் ஒரு அங்குலப் பலகைக்கு மூன்று நான்கு மாதம் ஆகிறது. செய்த சிலையை மழை படும் இடத்தில் வைக்காதீர்கள், வெண்காரம் தண்ணீரோடு கரைந்து போய்விடும்.

கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள், கத்தியை வீட்டில் வைத்துவிட்டு.

என் அம்மா பால் வெட்டிய கத்தி வீட்டில் இருக்கிறது. அதை வைத்துச் செதுக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பீடோரிலிருந்து ஒரு தங்கச்சி. முடியும் அம்மா. இரண்டு வெட்டுவாய் ஒரு மூலையில் சேரும் கத்தி அது. காசு கொடுத்து வாங்கும் செதுக்கு உளிகளிலும் அதே வடிவம் உண்டு, பள்ளக் கோடு இழுக்க. ஆனால் பால்வெட்டுக் கத்தி பட்டைக்காகச் செய்தது. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும், உள்மரத்தில் காயம் படக்கூடாது. அதற்கேற்ற மெல்லிய வாய். கடினக் கட்டையில் தட்டினால் பல் விழும். மெதுவான கட்டையில் கையால் இழுத்தால் சுகமாக ஓடும்.

ஒன்று கேட்கிறேன். அம்மா இருக்கிறார்களென்றால், கத்தி தீட்டுவதை அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். என் அம்மா நெற்றி விளக்கு வெளிச்சத்தில், சின்னக் கல்லை உள்ளங்கையில் வைத்து, கத்தியைப் பார்க்காமலே தீட்டுவார். கட்டைவிரல் நகத்தில் வாயை வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும், நகத்தில் பிடித்தால் சரி. நான் பல வருஷம் கழித்து ஒரு காணொளியில் அதையே பார்த்து வியந்தேன். வீட்டிலேயே இருந்ததைக் கவனிக்கவில்லை.

ஆரம்பத்துக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு சின்னக் கத்தி, ஒரு தீட்டுக்கல், ஒரு பழைய தோல் பெல்ட். கல்லில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். 1000, 6000 என்று எண் போட்டிருக்கும். தீட்டியதும் வாயோரம் மெல்லிய பிசிறு நிற்கும், அதைத் தோலில் பின்னிழுத்து எடுங்கள். பன்னிரண்டு உளி உள்ள பெட்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன். இரண்டாவது தட்டிலேயே வாய் மடங்கிப்போனது.

கட்டைக்கு, மரக்கடையில் ஜெலுத்தோங் கிடைக்குமா என்று கேளுங்கள். வெளிர் நிறம், நேரான நார், வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். சூயிங்கம் செய்யப் பால் எடுத்த மரம் அதுதான். அங்கங்கே பால் ஓடிய துவாரம் கீறல் மாதிரி இருக்கும். முகம் வரும் இடத்தில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செங்கால் என்கிற கடின மரக் கட்டையை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஜெலுத்தோங்கைப் போல இரண்டு மடங்கு கனம், கையும் கத்தியும் சேர்ந்து நோகும்.

பலா மரத்தில் பிள்ளையார் செய்து மகன் வீட்டுக்குக் கொடுத்தேன். கோலாலம்பூர் போய் இரண்டே வாரத்தில் நெற்றியிலிருந்து தும்பிக்கை வரை வெடித்துவிட்டது. மரம் மோசமா ஐயா?

மரம் நல்ல மரம். வீணைக்குக் குடம் கடைகிற மரத்தைக் குறை சொல்ல முடியுமா? முழு உருண்டையாக, நடுத்தண்டோடு வைத்துச் செதுக்கியிருப்பீர்கள். காயும்போது கட்டை சுற்றளவில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தண்டு உள்ளே இருந்தால் அந்த இழுப்புக்கு வழியில்லை, எங்காவது வெடித்தே ஆகும். நெற்றியில் வெடித்தது உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்த முறை கட்டையை இரண்டாகப் பிளந்து, தண்டை எடுத்துவிட்டு, பாதியில் செய்யுங்கள். வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசுங்கள், ஈரம் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். இன்னொன்று: நம் முன்வாசல் காற்றில் கட்டை எவ்வளவு காய்ந்தாலும் 15 விழுக்காடு அளவுக்கு ஈரம் நிற்கும். மகன் வீட்டில் ஏர்கோன் அறையா? அங்கே அதற்கும் கீழே போகும். முக்கால்வாசி செதுக்கியதும் அதே மாதிரி அறையில் ஒரு மாதம் வைத்துவிட்டு, மீதியை முடியுங்கள். வெடித்த பிள்ளையாரைத் தூக்கிப் போட வேண்டாம். அதே பலாவில் மெல்லிய ஆப்பு சீவிப் பசையோடு இறக்கிச் செதுக்கிவிடுங்கள், நாமம் மாதிரி இருக்கும். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுப் பெயர்ப்பலகையில் ‘எழில் இல்லம்’ என்று வெட்டினேன். ழகரம் வரும்போதெல்லாம் துண்டு பெயர்கிறது.

எனக்குப் பிடித்த கேள்வி. ஆங்கில எழுத்து பெரும்பாலும் நேர்கோடு. நம் எழுத்து சுழி. சுழியைச் சுற்றி வரும்போது கத்தி நாலு முறை நாரின் திசையைக் கடக்கிறது. ஒரே வீச்சில் சுற்றினால் பாதி தூரம் நார் கத்தியோடு வரும், மீதி தூரம் எதிர்த்து எகிறும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் பூனை பேசாமல் இருக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் சீறும், அப்படி.

முதலில் கோட்டின் நடுவே கத்திமுனையால் செங்குத்தாக ஒரு வெட்டு. அப்புறம் சுழியைப் பென்சிலால் நாலு கால் பாகமாக்கி, ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் இழுத்தால் வழவழவென்று வருகிறதென்று கழிவுக் கட்டையில் பார்த்து அம்புக்குறி போடுங்கள். அந்தத் திசையில் மட்டும் சரிவாக வெட்டி, அடுத்த காலுக்குப் பலகையைத் திருப்புங்கள். கையைத் திருப்ப வேண்டாம். சுழிக்குள் நிற்கும் சின்னத் தீவுதான் எகிறும். அது பச்சைப்பயறு அளவில் இருந்தால் நிற்காது, சுண்டைக்காய் அளவாவது விடுங்கள். அதனால் எழுத்தைப் பெரிதாக எழுதி, ஒரே தடிப்பாக வையுங்கள். ‘ல்’, ‘ம்’ இவற்றின் புள்ளிக்கு மூன்று சரிவு வெட்டு போதும், முக்கோணமாக ஒரு சில்லு தானே கழன்று விழும்.

பெயர்ந்த துண்டு காலடியில்தான் கிடக்கும். தேடி எடுத்து வெள்ளைப் பசை தொட்டு ஒட்டி, இரவு முழுக்க டேப் சுற்றி வையுங்கள். மறுநாள் எனக்கே தெரியாது.

பல்லாங்குழிப் பலகையிலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறது.

வண்டு. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஐஸ்பெட்டியின் உறைநிலைப் பகுதியில், கழித்தல் 18 பாகையில் இரண்டு வாரம். பதினாலு குழிப் பலகை நீளம்தான், மீனையும் கோழியையும் வெளியேற்ற வேண்டியிருக்கும். வீட்டுக்காரம்மாவிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

எண்ணெய் எடுக்கிற செம்பனையின் தண்டில் செதுக்கலாமா?

வேண்டாம். தண்ணீரும் பஞ்சும்தான்.

காசில்லாமல் கிடைத்த சிவப்புக் கட்டையை அறுத்தேன். முகமெல்லாம் வீங்கிவிட்டது.

ரெங்காஸ் மரமாக இருக்கலாம். மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் கொப்புளிப்பது மாதிரிதான் இதுவும். சரியாகக் காயாத கட்டையின் தூளே போதும். முதலில் கிளினிக்குக்குப் போங்கள், கட்டுரை அப்புறம் படிக்கலாம். பெயர் தெரியாத கட்டை எதுவாக இருந்தாலும் கையுறை, முகக்கவசம் போட்டுத் தொடுங்கள்.

கரண்டி செய்தால் என்ன எண்ணெய் பூசுவது?

சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் மினரல் எண்ணெயும் தேன்மெழுகும் போதும். வெண்காரத்தில் ஊறிய கட்டையில் மட்டும் கரண்டி செய்யாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

என் மகளுக்குப் பதினொரு வயது. கத்தி கேட்டு அடம் பிடிக்கிறாள்.

துணி துவைக்கும் சவுக்காரக் கட்டி ஒன்றும், வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியும் கொடுங்கள். முதலில் மீன், அப்புறம் ஆமை. ஐந்து கட்டி தீர்ந்தும் ஆசை தீரவில்லையென்றால் ஜெலுத்தோங் துண்டோடு என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். சீவிய தூளை வீசாதீர்கள், துணி துவைக்க ஆகும்.