இருமலால் சாகமாட்டேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்கர் ஆலன் போ எழுதிய 'அமோன்டில்லாடோ பீப்பாய்' கதையை நீங்கள் ஓர் உரையில் குறிப்பிட்டதால் தேடிப் படித்தேன். ஒரே மூச்சில் முடித்துவிட்டாலும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கதை சொல்கிறவன் பழிவாங்கப் போகிறான் என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் அமோன்டில்லாடோ என்ற மதுவைச் சொல்லி எதிரியை நிலவறைக்குக் கூட்டிப்போகிறான், வழி முழுக்கக் குத்தல் பேச்சு. சாகப்போகிறவனைப் பார்த்து 'உன் நீண்ட ஆயுளுக்காக' என்று சொல்லிக் குடிப்பதெல்லாம் எழுத்தாளர் நம்மிடம் கண்ணடிப்பது போல இருக்கிறது. சொல்வது ஒன்று, நடக்கப்போவது வேறு, நகைமுரண் என்று இதைப் புகழ்கிறார்கள். எனக்கோ இருந்த பயமும் இதனால்தான் போயிற்று. நானும் இருண்ட கதை ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கடைசி வரியில் எல்லாம் தலைகீழாகிவிடும். நண்பர்கள் 'செம நகைமுரண்' என்கிறார்கள், எனக்கு ஏனோ திருப்தி வரவில்லை.

கே.

அன்புள்ள கே,

அந்தத் திருப்தியின்மையை நம்புங்கள், நண்பர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி வரியில் தலைகீழாகும் கதையில் எழுத்தாளர் ஒரு சீட்டை மறைத்து வைத்திருக்கிறார். பாத்திரத்துக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது, முடிவில் எடுத்துப் போடுகிறார், நாம் 'அட' என்கிறோம், அவ்வளவுதான், இரண்டாம் முறை படிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. (மிச்சமிருக்கிற திருப்பங்களும் உண்டு, மறுக்கவில்லை.) போ அந்தச் சீட்டை முதல் பத்தியிலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார். இனி கதை முழுக்க அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது நாம்தான். 'எனக்கு முன்பே தெரிந்துவிட்டதே' என்கிறீர்கள் அல்லவா, நீங்கள் மாட்டிக்கொண்ட இடமே அதுதான்.

இருமலை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவறையின் ஈரத்தில், சாகப்போகிற ஃபார்ச்சுனாட்டோ தொடர்ந்து இருமுகிறான். உன் உடம்பு முக்கியம், திரும்பிவிடலாம் என்கிறான் பழிவாங்க வந்த மான்ட்ரசோர், அக்கறையாக. அவனோ, இதெல்லாம் ஒன்றுமில்லை, நான் இருமலால் சாகமாட்டேன் என்கிறான். உண்மை, உண்மை என்று இவன் தலையாட்டுகிறான். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது. சிரித்த பிறகுதான், நான் யார் பக்கம் நின்று சிரித்தேன் என்பது உறைக்கிறது. கோமாளி உடையில், மணி வைத்த தொப்பியோடு, குடித்துத் தள்ளாடி வரும் ஒருவனைப் பார்த்து, அவனைக் கொல்லப்போகிறவனோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கதைக்குள்ளிருந்து என்னிடம் வந்து சேர்ந்ததாகத் தோன்றுகிறது.

அப்புறம், கண்ணடிப்பது போ இல்லை, மான்ட்ரசோர். கதையைச் சொல்கிறவன் அவன்தான், அதுவும் ஐம்பது வருடம் கழித்து. 'நீ மேசன் என்கிற ரகசியச் சங்கத்தில் உண்டா' என்று கேட்டவனிடம் (மேசன் என்றால் கொத்தனார் என்றும் பொருள்), ஆமாம் என்று மேலங்கிக்குள்ளிருந்து கொத்தனார் கரண்டியை எடுத்துக் காட்டுகிறானே, அது கொலைகாரனின் நகைச்சுவை. தன் சாமர்த்தியத்தைத் தானே ரசிக்கிறவனின் குரல் அப்படித்தான் இருக்கும், அதில் கொஞ்சம் அலட்டல் இருக்கத்தான் வேண்டும். உங்களுக்கு எரிச்சல் வந்தது சரிதான். அந்த எரிச்சலை எழுத்தாளர் கணக்கில் எழுதிவிட்டீர்கள் என்பதுதான் என் புகார்.

நம் வஞ்சப்புகழ்ச்சியை வைத்து இதைப் புரிந்துகொள்ளப் பார்த்தாலும் கொஞ்ச தூரம்தான் போகலாம். உன் ஆயுதங்கள் பீலி சூட்டி நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் தொண்டைமானிடம் சொன்னபோது, அது அவனுக்கு உறைக்க வேண்டும் என்பதற்காகவே சொன்னார். ஃபார்ச்சுனாட்டோவுக்கு உறைத்துவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். அவனுக்கு உறைக்கும்போது அவனை உயிரோடு அடைக்கும் சுவர் எழும்பியிருக்க வேண்டும். (அந்தப் பெயருக்கே அதிர்ஷ்டக்காரன் என்று பொருள். இந்தக் குத்தல் மட்டும் போவுடையது, இதற்கு வேண்டுமானால் அவரைத் திட்டிக்கொள்ளுங்கள்.)

மான்ட்ரசோர் தெரிந்தே செய்யும் கிண்டல்கள் இவை. இவை மட்டும் இருந்திருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் 'வெறும் சாமர்த்தியம்' என்று தள்ளியிருப்பேன். 1846இல் வந்த கதை இன்றும் நிற்பது, அவனுக்கே தெரியாமல் அவன்மேல் விழும் முரணால்தான் என்று நினைக்கிறேன். இரண்டாம் பத்தி வருவதற்குள் அவன் இரண்டு விதிகள் சொல்கிறான், நீங்கள் வேகமாகத் தாண்டியிருப்பீர்கள். பழிவாங்குகிறவன் தண்டனையில் மாட்டக்கூடாது. பழிவாங்குவது யார், எதற்கு என்பது தவறு செய்தவனுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது பழியே ஆகாது. முதல் விதியில் ஜெயிக்கிறான். இரண்டாவது? சங்கிலியில் கட்டி, பதினோரு வரிசை கல் அடுக்கி முடிக்கிற வரைக்கும் 'நீ எனக்கு இன்னது செய்தாய்' என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. உள்ளே இருப்பவன் நல்ல வேடிக்கை என்று சிரிக்கப் பார்க்கிறான், கடவுளுக்காக விட்டுவிடு என்று கத்துகிறான், இவன் அந்தச் சொற்களையே திருப்பிச் சொல்கிறான், அப்புறம் பதில் இல்லை, தொப்பியின் மணிச்சத்தம் மட்டும் வருகிறது. எதற்காகச் சாகிறோம் என்று தெரியாமலேயே ஒருவன் செத்துப்போகிறான். அதாவது, தானே வகுத்த விதிப்படி மான்ட்ரசோர் தோற்றுவிட்டான். அது அவனுக்குத் தெரிந்ததாகக் கதையில் எங்கும் இல்லை. மணிச்சத்தம் கேட்டதும் நெஞ்சு கனத்தது என்கிறான், உடனே அது நிலவறையின் ஈரத்தால் என்கிறான். ஐம்பது வருடம் கழித்தும் ஈரத்தின் மேல் பழி போடுகிறவன் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறான்?

யாருமே கிண்டல் செய்யாமல் வரும் நகைமுரணும் உண்டு. 1948இல் ஷெர்லி ஜாக்சன் எழுதிய 'லாட்டரி' கதையில் ஊரே கூடிச் சீட்டு எடுக்கிறது, விழுந்தவரை எல்லோரும் கல்லால் அடிப்பார்கள். தாமதமாக வந்து பாத்திரம் கழுவுவதைச் சொல்லிச் சிரிக்கிற அதே பெண், தன் குடும்பத்துக்குச் சீட்டு விழுந்த பிறகுதான் 'இது நியாயமில்லை' என்கிறாள். போவின் கதையைவிட எனக்கு இது கூடுதல் பயம் தருகிறது, இங்கே சேர்ந்து சிரிக்க ஒரு கொலைகாரன்கூடக் கிடைப்பதில்லை.

என் கதை ஒன்று. இருபத்தைந்து வயதில் எழுதியது. மனைவியை அடித்தே கொல்கிறவனின் வீட்டு வாசலில் 'அன்பு இல்லம்' என்று பலகை மாட்டிவிட்டிருந்தேன். அதை மூன்று இடத்தில் ஞாபகப்படுத்தி, கடைசியில் அந்தப் பலகை கீழே விழுவதாக வேறு முடித்திருந்தேன்! இதழாசிரியர் ஒருவர், 'பலகையை நீ மாட்டினாயா, அவன் மாட்டினானா?' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். கோபம் அடங்க ஒரு வருடம் ஆயிற்று. அவன் மாட்டியிருக்க வேண்டும், மனதார மாட்டியிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி போட்டுத் துடைத்திருக்க வேண்டும்.

உங்கள் கதையின் கடைசி வரியை எடுத்து முதல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பத்தாம் பக்கம் வரை உங்களாலேயே அதை ஓட்ட முடிந்தால் அனுப்புங்கள், படிக்கிறேன். முடியாவிட்டாலும் அனுப்புங்கள், எங்கே நின்றது என்று சேர்ந்து பார்க்கலாம்.